எதிர்க்கரையில் ஒரு வீடு

ஜனவரி 11

அன்புள்ள அம்மா,

உன்னை எப்படி விளிப்பது என்பதிலேயே ஒரு மாலை போய்விட்டது. 'மருமகளுக்கு' என்று எழுத எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. பெயரைப் போட்டால் அலுவலகக் கடிதம் மாதிரி இருக்கிறது. நம் வீட்டில் இருந்தபோது 'என்னம்மா' என்றுதான் கூப்பிடுவேன். அதையே வைத்துக்கொண்டேன். தவறென்றால் சொல், மாற்றிக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான். வீட்டுக்காரர் கட்டடத்தை இடிக்கப் போகிறார். கீழே குடியிருந்தவர்கள் போய்விட்டார்கள். மாடியில் நான் மட்டும். குழாய் இணைப்பை எடுப்பதற்குள் காலி செய்தால் தனக்கு உதவியாக இருக்கும் என்றார். மரியாதையாகச் சொன்னார். அதனால் சரி என்று சொல்லிவிட்டேன்.

எங்கே போவது என்று யோசித்தபோது உங்கள் மாவட்டம் நினைவுக்கு வந்தது. அப்படி எழுதுவது பொய். நீயும் குழந்தையும் போன இந்த நான்கு வருடத்தில் எனக்கு வேறு ஊர் நினைவுக்கு வந்ததே இல்லை.

பயப்படாதே, உங்கள் ஊரில் அல்ல. கடல் நிலத்துக்குள் நீளமாகப் புகுந்து கிடக்கிறதே, அந்தக் கழிக்கு எதிர்க்கரையில் ஒரு சிறிய ஊர் இருக்கிறது. அங்கே ஒரு மாடி அறை வாடகைக்குக் கிடைக்கும் என்று தெரிகிறது. போக்குவரத்துக் கையேட்டில் இரு கரைக்கும் இடையே படகுச் சேவை போட்டிருக்கிறார்கள். காலை முதல் மாலை வரை போவதும் வருவதுமாக இருக்கிறது. ரயில்வேயில் கால அட்டவணை தயாரித்தே ஓய்வு பெற்றவன் நான். அச்சில் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நீ கூப்பிட்டால் படகேறி வருவேன். கூப்பிடாவிட்டால் என் கரையில் இருப்பேன். உனக்குத் தொந்தரவாகவும் இருக்காது, எனக்கு ரொம்பத் தூரமாகவும் இருக்காது என்று கணக்குப் போட்டேன். என் கணக்குச் சரிதானா?

குழந்தைக்கு என்னை ஞாபகம் இருக்காது. போகும்போது ஒன்றரை வயதுதானே.

மாமா


ஜனவரி 19

மாமா,

நீங்கள் என்னை எப்படிக் கூப்பிட்டாலும் எனக்கு நீங்கள் மாமாதான். இதற்கெல்லாம் ஒரு மாலையைச் செலவழிப்பீர்களா?

போன் மட்டும் செய்யாதீர்கள். மணி அடித்தால் முதலில் ஓடிப்போய் எடுப்பது அந்த வாலுதான். 'யார் பேசறீங்க, எங்கப்பா குளிக்கிறாங்க, எங்கம்மா கடைக்காரர்கிட்ட சண்டை போட்டுட்டு வந்து படுத்திருக்காங்க' என்று வீட்டு விஷயம் முழுவதையும் ஒப்பித்துவிடுவாள். கடிதமும் வீட்டுக்கு வேண்டாம். நான் வேலை பார்க்கும் மருந்துக்கடை முகவரி கீழே இருக்கிறது.

உங்களுக்குத் தெரியாததில்லை. உங்கள் மகன் தவறிப்போனபோது அவள் கைக்குழந்தை. அவளுக்குத் தெரிந்த அப்பா இவர்தான். வேறொருவர் இருந்தார் என்று இன்னும் சொல்லவில்லை. சொல்வோம். எப்போது என்று கேட்காதீர்கள். இவருடைய அப்பாவைத்தான் தாத்தா என்கிறாள். திடீரென்று நீங்கள் வாசலில் வந்து நின்றால் 'இவங்க யாரும்மா?' என்பாள். நான் என்ன சொல்வேன்?

இந்தப் பக்கத்து ஊர்கள் உங்களுக்குச் சரிவருமா என்றும் யோசித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு தெரு இருக்கும், அதை ஊர் என்பார்கள். இருட்டியதும் கடையைச் சாத்திவிடுவார்கள். துவைத்த துணி காயாது. உப்புக் காற்றில் கதவுக் கீல் துருப்பிடித்து இறுகிவிடும். புதிதாக யாராவது குடிவந்தால் அவர் என்ன சோப்பு வாங்கினார் என்பதுவரை மறுநாள் ஊருக்கே தெரிந்திருக்கும். தண்ணீர் ஓரமாக நிம்மதியாக இருக்கலாம் என்று நகரத்திலிருந்து வந்தவர்கள், முதல் மழைக்காலத்திலேயே சாமான் கட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

இவர் இப்போது ஐஸ் ஃபேக்டரிக்கு மாறிவிட்டார். வேலை பரவாயில்லை. சளிதான் விடமாட்டேன் என்கிறது.

எதிர்க்கரை என்றால் சரி மாமா. வாருங்கள்.

உங்கள் மருமகள்


பிப்ரவரி 16

அன்புள்ள அம்மா,

வந்துவிட்டேன். வலைக்கடைக்கு மேலே ஒரே அறை. ஜன்னலைத் திறந்தால் தண்ணீர். மூடினால் தண்ணீரின் வாடை. கடைக்காரர் நல்ல மாதிரி. என் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டே படியேறினார். 'என்ன ஐயா, உள்ள கல்லா?' என்றார். புத்தகங்கள் என்றேன். 'கல்லுன்னா படிக்கட்டுக்காவது ஆகும்' என்றார்.

நீ 'உங்கள் மருமகள்' என்று கையெழுத்துப் போட்டிருந்தாய். அந்தக் கடிதத்தைப் பெட்டியில் வைக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு படகுத்துறைக்குப் போனேன். உன்னைக் கேட்காமல் அக்கரைக்கு வந்திருக்க மாட்டேன். படகு எப்படி இருக்கும், படியேறி இறங்க என் முழங்காலுக்கு முடியுமா என்று ஒரு முறை பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்றுதான் போனேன். நேர அட்டவணைப் பலகை கம்பத்தில் இருந்தது. கையேட்டில் உள்ள அதே நேரங்கள், ஒரு பிசகு இல்லை. அதன் கீழே நின்றேன். வெகு நேரம் நின்றேன். கடைசியில் வலைக்கடைக்காரரே வந்தார்.

'ஐயா, எதுக்கு நிக்கிறீங்க?'

'படகுக்கு.'

'எந்தப் படகு?'

'அடுத்த படகு.'

அவர் சிரிக்கவில்லை. அது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. 'படகு நின்னு ரெண்டு வருஷமாச்சுங்களே. டீசல் காசுக்குக்கூட ஆள் ஏறலன்னு நிறுத்திட்டாங்க.'

'பலகை இருக்கிறதே' என்றேன்.

'பலகை நல்லாத்தானே இருக்கு, அதை ஏன் எடுக்கணும்?'

வாழ்நாளெல்லாம் நான் அச்சுக்குக் கொடுத்த நேரங்களை நம்பித்தான் ஜனங்கள் பெட்டி படுக்கையோடு நடைமேடைக்கு வந்தார்கள். நின்றுபோன வண்டியைப் புத்தகத்திலிருந்து எடுக்க மறந்தால் என்ன ஆகும் என்று எனக்குக் கீழே வேலை பார்த்தவர்களை எத்தனை தடவை கடிந்திருப்பேன்! இந்த ஊருக்கு ஒரு போன் போட்டு விசாரிக்க எனக்குத் தோன்றவில்லை. அச்சில் இருந்தால் எனக்குப் போதும்.

சாலை வழியாக வரவேண்டுமென்றால் கழியை முழுவதுமாகச் சுற்றிக்கொண்டு, இரண்டு இடத்தில் பஸ் மாறவேண்டுமாம். போனால் அன்றே திரும்ப முடியாதாம்.

உன் வீடு துறையிலிருந்து தள்ளி இருக்கும். படகு நின்றதை நீ கவனித்திருக்க மாட்டாய். உன் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. விசாரிக்காதது என் பிழை.

மாமா


பிப்ரவரி 27

மாமா,

ஆமாம், படகு இல்லை. எழுத வேண்டும் என்று நினைத்தேன், மறந்துவிட்டது.

உங்கள் முழங்காலுக்குத் தைலமும், காற்றுக் காலத்துச் சளிக்கு மாத்திரையும் அனுப்பியிருக்கிறேன். சாப்பிட்ட பிறகு போடுங்கள். பஸ்ஸில் வருகிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். அந்தச் சாலை உங்கள் முதுகுக்கு ஆகாது. ஜன்னலுக்குக் கனமான துணியாகப் போடுங்கள். பழுப்பு நிறமாக இருந்தால் அழுக்குத் தெரியாது.

வாலுக்கு முன்பல் ஆடுகிறது. நாளெல்லாம் நாக்கால் ஆட்டிக்கொண்டிருக்கிறாள்.

கடையில் கூட்டம். பிறகு எழுதுகிறேன்.


மார்ச் 20

அன்புள்ள அம்மா,

தைலம் நன்றாக இருக்கிறது. மாத்திரை அதைவிட நன்றாக இருக்கிறது, தூக்கம் வருகிறது. துணி போட்டுவிட்டேன், பழுப்புதான்.

இந்தக் கடிதத்தைப் பல தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். கிழிக்கும் ஒவ்வொரு தடவையும் இதோடு விட்டேன் என்றுதான் நினைப்பேன். மறுநாள் மறுபடி உட்கார்ந்துவிடுவேன். அதனால் எழுதியே விடுகிறேன். படித்ததும் நீ கிழித்துவிடலாம்.

வலைக்கடைக்காரர் பேச்சுவாக்கில் சொன்னார்: 'கடைசியா படகு ஓட்டினவரு தங்கமான மனுஷன் ஐயா. கர்ப்பிணி வந்தா நேரம் பார்க்காம எடுப்பாரு. படகை நிறுத்தினப்ப அழுதுட்டாரு. இப்ப அக்கரையில ஐஸ் ஃபேக்டரியில இருக்காராம்.' அந்த மனிதருக்கு மனைவியும் ஒரு சின்னப் பெண்ணும் இருப்பதாகவும் சொன்னார். மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாராம்.

நான் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. 'அப்படியா' என்றேன்.

நான் வந்து சேருவதற்கு முன்பே உனக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்க மாட்டேன். கேட்டால் நீ பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஒன்றே ஒன்று மட்டும் தெரிந்தால் போதும். நான் இங்கே இருப்பது உனக்கு இடைஞ்சலா? இடைஞ்சல் என்றால் வேறு ஊர் பார்த்துக்கொள்வேன். பழைய இடத்துக்குப் போக முடியாது. அங்கே இப்போது பள்ளம்தான் இருக்கிறதாம். அதை நீ கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கோபமாக எழுதியிருப்பது போலத் தெரிந்தால் மன்னித்துவிடு. எனக்குக் கோபம் சரியாக எழுத வராது.

மாமா


ஏப்ரல் 2

மாமா,

கேட்க மாட்டேன் கேட்க மாட்டேன் என்று எழுதி முழுவதையும் கேட்டுவிட்டீர்கள். நல்லது. திட்டியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

தெரிந்துதான் சொல்லவில்லை. உங்கள் முதல் கடிதத்தில் படகு என்று படித்ததுமே, படகு இல்லை மாமா என்று பேனாவை எடுத்தேன். பிறகு தோன்றியது, இல்லாமல் இருப்பதும் நல்லதுதானே என்று. வரவேண்டாம் என்று உங்களிடம் சொல்ல என்னால் முடியாது. வந்தால் தாங்கவும் முடியாது. நடுவில் தண்ணீர் கிடந்தால் நீங்கள் வந்த மாதிரியும் இருக்கும், வராத மாதிரியும் இருக்கும் என்று நினைத்தேன். இதைத் திரும்பப் படித்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

உங்களுக்கு ஒன்று தெரியாது. அவள் காது உங்கள் காது. மேலே மடிந்து, நுனி முன்னால் வளைந்து, அப்படியே. உங்கள் மகன் காதும் அப்படித்தானே. இங்கே வந்ததிலிருந்து நான் அவளுக்குக் காதை மூடித்தான் பின்னல் போடுகிறேன். நீங்கள் அவள் பக்கத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்தால் போதும், யாரும் எதுவும் சொல்லவே வேண்டியதில்லை.

இவருக்கு இதெல்லாம் தெரியாது. உங்கள் கடிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு கடையின் பின்பக்கம் அழுதுகொண்டிருந்தேன். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போக வந்தவர் பார்த்துவிட்டார். வாங்கிப் படித்தார். 'வயசான மனுஷனை வரச் சொல்லிட்டு, போர்டு கீழ நிக்க வச்சிருக்கியே, உனக்கு எப்படிடீ மனசு வந்துச்சு?' என்றார். அதோடு பேச்சை நிறுத்திவிட்டார். இரண்டு நாள் சாப்பிடு என்றால் சாப்பிடுவார், அவ்வளவுதான். மூன்றாம் நாள், 'கூட்டாளிகிட்ட மோட்டார் போட் இருக்கு. ஞாயித்துக்கிழமை பாப்பாவ நான் கூட்டிட்டுப் போறேன்' என்றார். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் நான் வரமாட்டேன். அவளும் நீங்களும் எதிரெதிரே நிற்பதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஒரே ஒரு விஷயம். சொல்லிவிடாதீர்கள். நானாகச் சொல்லும்வரை சொல்லிவிடாதீர்கள்.

நீங்கள் இடைஞ்சல் இல்லை மாமா. நான்தான்.


ஏப்ரல் 15

அன்புள்ள அம்மா,

முதலில் உனக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லவில்லை. உன் வீட்டுக்காரரும் சொல்லவில்லை. என்னை அவர் அறிமுகப்படுத்தியது இப்படித்தான்: 'இவங்க ரயில்வேல பெரிய வேலையில இருந்தவங்க. நம்ம அம்மாவுக்குத் தெரிஞ்சவங்க.' பெரிய வேலை இல்லை என்று திருத்த நினைத்தேன். அது அவசியமில்லை என்று விட்டுவிட்டேன்.

அவள் தன்னைவிடப் பெரிய மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு படகிலிருந்து குதித்தாள். பின்னல் காதை மூடித்தான் இருந்தது. தண்ணீர் தெறித்து ஒரு பக்கம் கலைந்துவிட்டது. பார்த்தேன். நீ சொன்னது சரி. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

அறைக்கு வந்ததும் ஆய்வாளர் மாதிரி எல்லாவற்றையும் சோதித்தாள். 'ஏன் ஒரே ஒரு தட்டு?'

'நான் ஒருத்தன்தானே.'

'விருந்தாளி வந்தா?'

'வந்ததில்லையேம்மா.'

'நாங்க வந்திருக்கோம்ல!' என்றாள். உன் வீட்டுக்காரர் கீழே போய்க் கடைக்காரரிடம் இரண்டு தட்டு கடன் வாங்கி வந்தார். பிஸ்கட்டைத் தட்டில் வைத்துத்தான் தின்றாள். முன்பல் விழுந்துவிட்டதால் ஓரமாகக் கடித்தாள். பிறகுதான் கேட்டாள்.

'உங்களுக்குப் பேத்தி இருக்காளா?'

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. 'இருக்கா' என்றேன்.

'எங்க?'

'அக்கரையில.'

'எங்க ஊர்லயா! அப்புறம் ஏன் நீங்க போய்ப் பார்க்கல?'

'படகு இல்லையே.'

'எங்கப்பாகிட்ட சொல்லுங்க. உலகத்துலயே எங்கப்பாதான் நல்லா படகு ஓட்டுவாங்க. கூட்டிட்டுப் போவீங்கல்லப்பா?'

உன் வீட்டுக்காரர் ஜன்னல் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'போவேன்டா கண்ணு' என்றார். பிறகு, மோட்டாரில் எண்ணெய் கசிகிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று கீழே இறங்கிப் போய்விட்டார். மோட்டாரில் ஒரு கசிவும் இல்லை என்று கடைக்காரர் பின்னால் சொன்னார்.

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, 'ஐயா, அவ கெட்டவ இல்லீங்க. பயந்தவ' என்றார். அது எனக்குத் தெரியும் தம்பி என்றேன். உனக்கு நல்ல மனிதர் கிடைத்திருக்கிறார். இதை எழுத எனக்குக் கஷ்டமாக இல்லை என்று சொன்னால் நம்பமாட்டாய். ஆனாலும் எழுதுகிறேன்.

'இருக்கா' என்று சொன்னது தவறு. அதனால் ஏதாவது வந்தால் பொறுப்பு என்னுடையது.

மாமா


ஏப்ரல் 29

மாமா,

வந்துவிட்டது.

மறுநாளிலிருந்து உங்கள் பேத்தியைத் தேட ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பெண்ணையும் பிடித்து நிறுத்தி, 'உனக்கு அக்கரையில ஒரு தாத்தா இருக்காரா? ஒரே ஒரு தட்டு வச்சிருப்பாரு' என்று விசாரணை. ராத்திரி படுக்கையில், 'பாவம்மா அந்தத் தாத்தா. அவளுக்குக் கொஞ்சம்கூட அறிவே இல்ல, போய்ப் பார்க்க மாட்டாளா?' என்பாள். நான் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

நேற்று செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தாள். 'அம்மா, கண்டுபிடிச்சிட்டேன்!'

முடி வெட்டுபவரின் மகள். இவள் வகுப்புதான். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, பேசவே பேசாது. அந்தக் குழந்தைக்கு அப்பா பக்கமும் தாத்தா இல்லை, அம்மா பக்கமும் இல்லை. ஒரு தாத்தா இருக்கிறார், பிஸ்கட் வைத்திருக்கிறார், தன் பேத்திக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார் என்று கேட்டதும், 'அது நான்தான்' என்று சொல்லிவிட்டது. இவள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் முழுக்கச் சுற்றியிருக்கிறாள். அடுத்த ஞாயிறு போட்டில் போகலாம் என்று ஏற்பாடும் ஆகிவிட்டது. அந்தக் குழந்தையின் அம்மா என்னிடம் வந்து, 'ஏதோ சுற்றுலாவாமே, சட்டை புதுசா போடணுமா?' என்று கேட்டுவிட்டுப் போனாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

அந்தப் பெண் பொய் சொல்கிறது என்று நான் சொல்லலாம். சொன்னால் உண்மையான பேத்தி யார் என்பாள்.

'நீ சொல்லு, இல்லன்னா நான் சொல்லிடறேன்' என்றார் இவர். 'நானே சொல்கிறேன்' என்றேன். அவளை எதிரில் உட்கார வைத்தேன். கையைப் பிடித்துக்கொண்டேன். வாயைத் திறந்தேன். 'வீட்டுப்பாடம் முடிச்சியா?' என்றேன்.

இவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

என்ன செய்யட்டும் மாமா? நீங்கள் சரி என்றால் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் இவர் கூட்டிவருவார். இல்லை என்றால் அந்தக் குழந்தைக்கு உடம்பு சரியில்லை, அது இது என்று ஏதாவது சொல்லி நிறுத்திவிடுகிறேன். நீங்கள் சொல்வதுபோலச் செய்கிறேன்.

உங்கள் மருமகள்


மே 4

அன்புள்ள அம்மா,

இரண்டு பேரும் வரட்டும்.

அந்தக் குழந்தையை ஏமாற்றுக்காரி ஆக்க வேண்டாம். அது கேட்டது ஒரு தாத்தாவைத்தான். வீட்டில் அதை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று மட்டும் விசாரித்து உடனே எழுது. சொந்தத் தாத்தாவுக்கே அது தெரியாவிட்டால் உன் மகள் கண்டுபிடித்துவிடுவாள். அவள் கெட்டிக்காரி.

எல்லாத் தாத்தாக்களும் செய்வதைச் செய்வேன். இளைத்துவிட்டாயே என்பேன். என்ன படிக்கிறாய் என்பேன். அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வேன். உன் மகள் எதிரே நாற்காலியில் இருப்பாள், சேர்த்து வைத்தது தான்தான் என்ற பெருமையோடு. அவளுக்கு நான் நன்றி சொல்ல வேண்டியிருக்கும். அந்த இடம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. உன் வீட்டுக்காரரை அப்போது மோட்டாரைப் பார்க்கப் போகாமல் இருக்கச் சொல்.

எழுத வேண்டாம் என்று நினைத்த ஒன்றை எழுதிவிடுகிறேன். உன் மறுமணம் நிச்சயமானபோது உன் அண்ணன் என்னைத் தனியாகப் பார்த்து, குழந்தைக்கு விவரம் தெரியும்வரை பழையது எதுவும் அதன் காதில் விழ வேண்டாம் என்று கேட்டார். சரி என்றேன். அவர் கேட்காமலேயே, என் மகன் படங்களையும் நானே வைத்துக்கொள்கிறேன் என்றேன். பிறகு காலி செய்யச் சொல்லி அந்தக் கட்டடத்துக்காரர் கேட்டார், சரி என்றேன். சொல்லாதீர்கள் என்று நீ கேட்டாய், சரி என்றேன். கேட்டவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லாரும் மரியாதையாகத்தான் கேட்டார்கள். ஒருவராவது என்னைக் கேட்காமல் எனக்கு எது நல்லது என்று யோசித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று இந்தச் சில நாட்களாகத் தோன்றுகிறது. இந்த வயதில் இப்படித் தோன்றுவது நியாயமா என்றும் தெரியவில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிறுக்குப் பிறகு எதுவானாலும் நீயே முடிவு செய். அவளிடம் சொல்வதானாலும் சரி, சொல்லவே வேண்டாம் என்றாலும் சரி. என்னைக் கேட்காதே அம்மா. கேட்டால் நான் சரி என்று சொல்லிவிடுவேன்.

மாமா